நிறுத்தும் திகதி எங்கே?

மருந்துப் பெட்டி ஒவ்வொன்றின் மீதும் இரண்டு திகதிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று மருந்து செய்யப்பட்ட திகதி. மற்றையது அது பழுதாகும் திகதி. இவ்விரண்டையும் விட நோயாளிக்கு வேண்டிய மூன்றாவது திகதி ஒன்றுண்டு. அம்மருந்தை அவர் நிறுத்தவேண்டிய திகதியே அது. அதனை எந்த அச்சகமும் அச்சிட முடியாது. வைத்தியர் எழுத வேண்டும். மருந்தாளர் கேட்க வேண்டும். நோயாளி அறிந்திருக்க வேண்டும். இம்மூவரும் தத்தம் கடமையை மற்றவர் தலையிற் சுமத்திவிட்டு வாளாவிருக்கும் மருந்துகளுள், இரைப்பை அமிலத்தை அடக்கும் மருந்துகளுக்கே முதலிடம் கொடுத்தல் வேண்டும்.

வெள்ளவத்தைக்கும் நாரகேன்பிட்டிக்கும் நுகேகொடைக்கும் இடையே அமைந்த கிருலப்பனை, உழைத்து உண்போர் நிறைந்த பகுதி. சந்தை வியாபாரிகள், முச்சக்கரவண்டி ஓட்டுநர்கள், பிறர் வீடுகளிலும் காரியாலயங்களிலும் ஊழியம் புரியும் பெண்கள், சிறு ஓய்வூதியத்தோடு காலங் கழிக்கும் முதியோர் எனப் பலதிறத்தாரும் அங்கு வாழ்கின்றனர். காலை உணவைக் கைவிட்டு வெறுந் தேநீரோடு வேலை தொடங்குவதும், பிற்பகலிற் கிடைத்ததை அவசரமாக உண்பதும், இரவிற் பசியெல்லாந் தீர வயிறு நிறைய உண்டு உடனே படுப்பதும் இத்தகைய வாழ்க்கை வகுத்துக் கொடுத்த நியதிகளாகும். நெஞ்செரிவும் புளியேப்பமும் வயிற்றுப் பொருமலும் அதன் பயன்கள். இவை அனைத்துக்கும் மக்கள் இட்டிருக்கும் ஒரே பெயர் ‘கஸ்ரைற்றிஸ்’. அதற்கு அவர்கள் அறிந்த ஒரே பரிகாரம் ஒமெப்பிரசோல். ஹைலெவல் வீதியின் பாமசிகளில் மட்டுமன்று, நாட்டின் எந்த நகரத்துப் பாமசியிலும் பழைய துண்டொன்றைக் காட்டியோ, துண்டே இல்லாமல் பெயரை மட்டுஞ் சொல்லியோ இக்குளிசையைக் கேட்டு வாங்குதல் வழக்கமாகிவிட்டது. இரண்டு வாரத்துக்கென எழுதப்பட்டது இரண்டாண்டாகிறது, இரண்டாண்டு பத்தாண்டாகிறது. ஏன் தொடங்கப்பட்டது என்பதை நோயாளியும் மறந்துவிடுகிறார், எழுதியவரும் மறந்துவிடுகிறார்.

மலிவான மருந்து; பெருந் தீங்கு எதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை; எரிவோ தணிகிறது. இதிலென்ன குறை என்று வினவுவோருக்கு, அமிலத்தின் தொழிலை முதலில் எடுத்துரைத்தல் வேண்டும்.

அமிலம் செய்யும் தொழில்

இரைப்பைச் சுவரிலுள்ள ஒருவகைக் கலங்கள் ஐதரோக்குளோரிக்கமிலத்தைச் சுரக்கின்றன. வெறுவயிற்றில் இதன் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 1 முதல் 2 வரை இருக்கும். தன் சுவரையே அரிக்கவல்ல இத்துணைக் கடுமையான திரவத்தை உடல் நாள்தோறும் உண்டாக்குவது வீணுக்கன்று. உணவோடு புகும் நோய்க்கிருமிகளை அது கொல்கிறது. புரதத்தைச் சிதைக்கும் பெப்சின் என்ற நொதியம் தொழிற்பட அது இடந்தருகிறது. இவற்றுக்கும் மேலாக, உணவிலுள்ள சில சத்துகளின் கட்டவிழ்த்து அவற்றைக் குடல் ஏற்கத்தக்க வடிவிற்குக் கொண்டு வருகிறது.

முதலாவது சத்து இரும்பு. சோறு, பருப்பு, கீரை முதலிய தாவர உணவுகளில் உள்ள இரும்பு பெரும்பாலும் பெரிக்கு வடிவிலே காணப்படும். அது அமிலத்திற் கரைந்து பெரசு வடிவமாக மாறினாலன்றிச் சிறுகுடலின் முற்பகுதி அதனை எளிதில் உறிஞ்சுவதில்லை. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஈம் இரும்புக்கோ அமிலத்தின் துணை அவ்வளவாகத் தேவைப்படாது. ஆகவே அமிலம் குன்றும்போது இழப்பு எல்லோருக்கும் ஒரே அளவினதாக அமைவதில்லை. நாள்தோறும் மீனும் இறைச்சியும் உண்ண வசதி படைத்தவர் தப்பிக்கொள்வார். சோற்றையும் பருப்பையும் நம்பி வாழ்பவரும், சமயவொழுக்கம் கருதி மரக்கறி மட்டும் உண்பவருமே பெரிதும் இழப்பர். உணவோடு சேர்த்துப் பருகும் தேநீரும் தாவர இரும்பைப் பிணைத்து வெளியேற்றுகிறது. தேநீர் ஒருபுறமும் குளிசை மறுபுறமுமாக இழுக்க, நடுவில் இரத்தம் வெளிறுகிறது.

இரண்டாவது, விற்றமின் பீ12. விலங்குணவிலும் பாலிலும் முட்டையிலும் உள்ள இவ்வுயிர்ச்சத்து புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. அமிலமும் பெப்சினும் கூடியே அதனை விடுவிக்கின்றன. ஈரல் பல ஆண்டுகளுக்குப் போதுமான பீ12 ஐச் சேமித்து வைத்திருப்பதனால், வரவு குறைந்தாலும் குறைபாடு உடனே வெளிப்படுவதில்லை. வெளிப்படும்போதோ கால் விறைப்பாகவும், நடைத் தள்ளாட்டமாகவும், சோர்வாகவும், மறதியாகவும் வெளிப்படும். ‘வயது போனால் இப்படித்தான்’ என்று வீட்டார் சொல்வர். ‘நீரிழிவின் விளைவு’ என்று வேறு சிலர் சொல்வர். நீரிழிவுக்குக் கொடுக்கப்படும் மெற்போமினும் பீ12 ஐக் குறைக்கவல்லது என்பதையும், கொழும்பில் மெற்போமினும் ஒமெப்பிரசோலும் ஒரே பையில் வீடு செல்லும் முதியோர் மிகப் பலர் என்பதையும் சேர்த்து நோக்கினால் இதன் பாரதூரம் விளங்கும். நீண்டகாலம் கவனியாது விடப்பட்ட நரம்புப் பாதிப்பு, பின்னர் ஊசி ஏற்றியும் முற்றாக மீளாதிருத்தல் கூடும்.

மூன்றாவது, கல்சியமும் மகனீசியமும். கல்சியம் காபனேற்றுக் குளிசை அமிலத்திலேயே நன்கு கரையும். அமிலம் குன்றியவர் அதனை வெறுவயிற்றில் உட்கொள்வதாற் பெறும் பயன் சிறிது. உணவோடு உட்கொண்டால் இக்குறை தணியும். கல்சியம் சித்திரேற்றுக்கு அமிலத்தின் தேவை இல்லை. மகனீசியத்தைப் பொறுத்தவரை, ஒமெப்பிரசோல் வகை மருந்துகளை நீண்டகாலம், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேல், உட்கொள்வோருக்கு இரத்தத்தில் அதன் அளவு தாழ்ந்து தசைப்பிடிப்பும் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் ஏற்படலாம் என ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2011 மார்ச்சில் எச்சரித்தது.

பழைய மருந்துகளும் குற்றமற்றவையல்ல. அலுமினியம் ஐதரொட்சைட்டுக் கலந்த பாகுகள் குடலிற் பொசுபேற்றைப் பிணைத்துக்கொள்வதால், மட்டின்றிப் பருகுவோர் எலும்பு நலிவர். நீரிற் கரைத்துக் குடிக்கும் சோடியம் இருகாபனேற்றுத் தூளின் ஒவ்வொரு கிராமிலும் ஏறத்தாழ 274 மில்லிகிராம் சோடியம் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு விதித்த எல்லையோ 2000 மில்லிகிராம். உப்பைக் குறைக்குமாறு பணிக்கப்பட்ட இரத்த அழுத்த நோயாளி, இத்தூளில் உப்பின் கூறு உண்டென அறியாமலே தினமும் அதனைப் பருகுகிறார். கருவுற்ற தாய்மாருக்கு அரசாங்கக் கிளினிக்குகளில் இரும்புக் குளிசை இலவசமாக வழங்கப்படுகிறது. அதனையும் நெஞ்செரிவுப் பாகையும் ஒரே வேளையில் உட்கொள்ளும் தாய், அரசு ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் இழந்துவிடுகிறாள். இரண்டுக்குமிடையே இரண்டு மணித்தியாலமேனும் இடைவெளி விடும்படி சொல்ல ஒரு வசனமே போதும். அந்த வசனந்தான் பல இடங்களிற் சொல்லப்படுவதில்லை.

வரலாறு கற்பிக்கும் பாடம்

அமிலத்தைப் பகையாகக் கருதும் மனப்பான்மை புதியதன்று. 1915 இல் சிக்காகோ வைத்தியர் பேற்றம் சிப்பி, குடற்புண் நோயாளருக்கு மணிக்கொருமுறை பாலும் ஆடையும் காரத் தூள்களும் கொடுக்கும் முறையை வகுத்தார். அது உலகெங்கும் பரவியது. 1923 அளவில், அம்முறையைப் பின்பற்றியவர்களிற் சிலர் தலைவலி, வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவற்றால் துன்புற்றமை வெளிப்பட்டது. நோயை அடக்கப் புகுந்த மருந்தே நோயாயிற்று.

பின்னர் 1976 இல் சிமெற்றிடீன் விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதே 1988 இல் சுவீடனில் ஒமெப்பிரசோல் வெளியாகியது. அமிலத்தை வெளியேற்றும் புரோத்தன் பம்பியையே பூட்டிவிடும் இம்மருந்து, முன்னையவற்றை வலிமையில் விஞ்சியது. இவை மனித அறிவின் அரிய வெற்றிகள் என்பதில் ஐயமில்லை. இரத்தம் கக்கி மாண்டவரையும், வயிறு கீறிச் சத்திரசிகிச்சைக்கு ஆளானவரையும் காத்தவை இவையே.

ஆயினும் அதே காலத்தில் வேறொரு செய்தியும் பிறந்தது. 1982 இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொறனும், இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் உண்டாகும் புண்களிற் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒரு பற்றீரியாவே எனக் காட்டும் ஆய்வைத் தொடங்கினர். 2005 இல் அவர்களுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அக்கிருமியை ஒழிக்க 7 முதல் 14 நாள் வரையிலான கூட்டு மருந்தே போதுமானது. இக்கண்டுபிடிப்பின் சாரம் யாது? காரணத்தைக் கண்டறிந்தால் சிகிச்சைக்கு முடிவுண்டு. காரணத்தைத் தேடாது எரிவை மட்டும் அணைத்தால் சிகிச்சைக்கு முடிவே இல்லை. முடிவற்ற குளிசை பல வேளைகளில், தேடப்படாத காரணத்தின் அடையாளமாகவே அமைகின்றது.

சான்றுகளும் மறுப்புகளும்

கலிபோர்ணியாவில் நிகழ்த்தப்பட்டு 2013 இல் வெளியான ஆய்வொன்று, பீ12 குறைபாடுடைய 25,956 பேரை அக்குறைபாடில்லாத 184,199 பேரோடு ஒப்பிட்டது. ஒமெப்பிரசோல் வகை மருந்தை இரண்டாண்டுக்கு மேல் பெற்றவரிடையே குறைபாட்டின் வாய்ப்பு 65 சதவீதம் மிகுந்திருந்தது. அதே குழுவினர் 2017 இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், இரண்டாண்டுக்கு மேல் உட்கொண்டோரிடையே இரும்புக் குறைபாட்டின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகக் காணப்பட்டது.

இவை அவதானிப்பு ஆய்வுகள்; இவற்றால் தொடர்பைக் காட்டலாமேயன்றிக் காரணத்தை நிறுவலாகாது என்பார் கூற்று நியாயமானது. ஆனால் இவ்விடத்தே வேறொரு சான்று உண்டு. உடலில் இரும்பு மட்டுமீறிச் சேரும் பரம்பரை நோயாளருக்கு, குருதியை அடிக்கடி வெளியேற்றுவதே வழக்கமான சிகிச்சை. இதே வகையைச் சேர்ந்த பன்டொப்பிரசோல் கொடுத்தபோது குருதி வெளியேற்றும் தேவை குறைந்தமையை 2017 இல் வெளியான எழுமாற்றுப் பரிசோதனை ஒன்று காட்டியது. இரும்பு மிகுந்தவரிடத்து இரும்பின் வரவைக் குறைத்து நன்மை செய்யும் குளிசை, இரும்பு குறைந்தவரிடத்துச் சும்மா இருக்கும் என்று நம்ப எக்காரணமும் இல்லை.

மறுபுறத்தே மிகைப்படுத்துவோரும் உளர். இம்மருந்துகளால் மாரடைப்பு வரும், மூளை கெடும், எலும்பு முறியும் என்று அச்சமூட்டுதல் பெருகிவருகிறது. 17,598 பேரைக் கொண்டு மூன்றாண்டளவு நடைபெற்று 2019 இல் வெளியான எழுமாற்றுப் பரிசோதனை, பன்டொப்பிரசோலாற் குடற்றொற்று நோய்கள் சற்று மிகுதல் தவிர அத்தகைய தீங்குகள் விளைந்தமையைக் காணவில்லை. இம்முடிவை மறைத்து வாதாடுதல் நேர்மையன்று. ஆயினும் இப்பரிசோதனை இரும்பையும் பீ12 ஐயும் அளக்கும் நோக்கோடு வகுக்கப்பட்டதன்று. ஒழுங்காகக் கண்காணிக்கப்பட்ட நோயாளரிடையே மூன்றாண்டு நடந்தது. கண்காணிப்பார் எவருமின்றிப் பத்தாண்டாகப் பழைய துண்டோடு குளிசை வாங்கும் கிருலப்பனை முதியவருக்கு அது நற்சான்றுப் பத்திரமாகாது.

‘நிறுத்தினால் எரிவு திரும்புகிறது, ஆகவே மருந்து தேவைதான்’ என்பது நோயாளர் பலரும் கூறும் நியாயம். 2009 இல் வெளியான கோப்பனேகன் ஆய்வு இதற்கு விடை தருகிறது. நோயெதுவுமில்லாத 120 தொண்டர்களுள் ஒரு பாதியினருக்கு எட்டு வாரம் இசொமெப்பிரசோல் கொடுத்து நிறுத்தினர். பின்வந்த வாரங்களில் அவர்களுள் 44 சதவீதத்தினருக்கு எரிவு முதலிய அறிகுறிகள் தோன்றின. போலிக் குளிசை பெற்ற மறுபாதியினரில் அவ்வாறு துன்புற்றோர் 15 சதவீதத்தினர். அடக்கி வைத்த சுரப்பு, தடை நீங்கியதும் பொங்கி எழுகிறது. முன்பு எரிவை அறியாதவருக்கும் எரிவு உண்டாக்கும் இப்பொங்குதலைப் பழைய நோயெனத் தவறாகக் கொண்டு மீண்டும் குளிசையை நாடுவோர் பலர். படிப்படியாகக் குறைத்தும், இடையில் சாதாரண பாகு மருந்தின் துணை கொண்டும், சில வாரம் பொறுத்தும் இதனைக் கடக்கலாம். இதைச் சொல்ல ஒருவர் வேண்டும்.

அதேவேளை, நிறுத்தவே கூடாதவரும் உளர் என்பதை அழுத்திக் கூறுதல் அவசியம். இரத்தம் கசிந்த புண்ணுடையோர், இதய நோய்க்காக அஸ்பிரினோடு வேறு குருதியுறைவுத் தடுப்பு மருந்தும் எடுக்கும் முதியோர், உணவுக்குழாய் கடுமையாக அரிக்கப்பட்டோர் ஆகியோருக்கு இம்மருந்து உயிர்க்காப்பாகும். அவர்கள் கட்டுரைகளைப் படித்து மருந்தை நிறுத்துதல் தகாது. வைத்தியரைக் கேட்டே எதுவும் செய்தல் வேண்டும். கண்டனத்துக்குரியது மருந்தன்று, காரணமும் எல்லையும் இன்றி அது வழங்கப்படும் முறையே.

கடமை யாருடையது?

‘நூறு நோயாளர் காத்திருக்கும் கிளினிக்கில் ஒவ்வொரு குளிசைக்கும் வரலாறு கேட்க நேரமேது?’ என்று வைத்தியர்கள் வினவலாம். அவர்தம் சுமை உண்மையானதே. ஆனால் காரணமற்ற ஒரு மருந்தை நீக்குவதற்குச் செலவாகும் இரண்டு நிமிடம், பின்னர் வெளிறிய இரத்தத்துக்கும் விறைத்த காலுக்கும் காரணந் தேடிச் செலவாகும் பல மாதங்களை மிச்சப்படுத்தும். அமெரிக்க இரைப்பைக் குடலியற் கழகம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டல், இம்மருந்து எடுக்கும் ஒவ்வொருவரிடத்தும் அதற்கான காரணம் இன்னும் உண்டா என ஒழுங்காக மீளாய்வு செய்யும்படி கூறுகிறது. இது செல்வந்த நாட்டுக்குரிய ஆடம்பரமன்று. இரும்புச் சத்து ஏற்கெனவே குறைந்த மக்களைக் கொண்ட நாட்டுக்கே மிகவும் வேண்டியது.

இந்த நாட்டுக்கு இச்சிந்தனை இறக்குமதிச் சரக்குமன்று. இலங்கையின் முதலாவது மருந்தியற் பேராசிரியரான சேனக பிபிலே, எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு இணைந்து 1971 இல் மருந்துக் கொள்கை பற்றிய அறிக்கையை வரைந்தார். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவர் தலைமையில் உருவாயிற்று. தனியார் துறையில் விற்கப்பட்ட ஏறத்தாழ 2100 மருந்துகளை 600 அளவிற்குக் குறைத்த அம்முயற்சியின் உட்கருத்து சிக்கனம் மட்டுமன்று. தேவையான மருந்து, தேவையானவருக்கு, தேவையான காலத்துக்கு என்பதே அதன் உயிர்நாடி. 1977 இல் அவர் காலமானார். அவர் கனவை நிறைவேற்றுவதாகக் கூறப்பட்ட சட்டம் 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமாகத்தான் வந்தது. சட்டம் மருந்தின் தரத்தையும் விலையையும் நோக்கியது. ‘தேவையான காலம்’ என்ற மூன்றாவது கோட்பாடோ பாமசி மேசையில் அனாதையாய்க் கிடக்கிறது. மருந்திற் பெரும்பகுதியை அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கும் நாடு, 2022 இல் இன்றியமையாத மருந்துகளுக்கே தட்டுப்பாடு கண்ட நாடு, காரணமற்ற குளிசைக்குச் செலவிடும் ஒவ்வொரு சதமும் வேறொரு நோயாளியின் பங்கன்றோ?

மொழியின் பிரச்சினையும் இதனோடு பின்னிக் கிடக்கிறது. பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் தாளில் மகனீசியம், பீ12 பற்றிய எச்சரிக்கைகள் அச்சிடப்பட்டே இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் ஆங்கிலத்திலே உள்ளன. எண்ணிக் கொடுக்கப்படும் குளிசைகளோடு அத்தாளும் வருவதில்லை. நோயாளிக்குக் கிடைப்பது கடதாசி உறையின் மேல் இடப்பட்ட ஓர் இலக்கமே. தமிழில் வைத்தியம் எழுத இயலாது என்பார் வரலாற்றை நோக்குவாராக. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலான பெருநூல்கள் அவர் முயற்சியால் 19 ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் வெளிவந்தன. சத்திரசிகிச்சையையும் இரசாயனத்தையும் அன்றே சொல்லவல்லதாயிருந்த மொழியில், ‘இரும்புக் குளிசையையும் இப்பாகையும் சேர்த்து உண்ணற்க’ என்ற ஒரு வசனத்தை இன்று அச்சிட முடியவில்லையெனின், குறை மொழியிடத்ததன்று, மனத்திடத்ததே.

செய்யவேண்டியவை அரியனவுமல்ல, பெருஞ் செலவினவுமல்ல. அமிலமடக்கும் மருந்தை எழுதும் வைத்தியர், அதற்கான காரணத்தையும் நிறுத்தும் அல்லது மீளாய்வு செய்யும் திகதியையும் துண்டிலே எழுதுதல் வேண்டும். திகதி கடந்த துண்டுக்கு மருந்தாளர் மறுபடியும் மருந்து கொடாது நோயாளியை வைத்தியரிடம் அனுப்புதல் வேண்டும். ஆண்டுக்கணக்கில் உட்கொள்வோருள் முதியோர், மெற்போமின் எடுப்போர், மரக்கறி மட்டும் உண்போர் ஆகியோரின் ஈமோகுளோபினையும் பீ12 ஐயும், தசைப்பிடிப்போ துடிப்புக் கோளாறோ உள்ளவரின் மகனீசியத்தையும் சோதித்தல் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒவ்வொரு பாமசி மேசையிலும் இருத்தல் வேண்டும். மருத்துவபீடங்களும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் கைகோத்தால் அப்பிரசுரத்தை ஒரு மாதத்தில் எழுதி முடிக்கலாம்.

அதுவரையில் நோயாளி தம் துண்டை எடுத்துச் சென்று இரண்டு கேள்விகளையேனும் கேட்கலாம்: ‘இது எனக்கு எதற்காக? எப்போது வரைக்கும்?’ இவ்விரண்டுக்கும் விடையுள்ள குளிசையை நன்றியோடு உண்க. விடையற்ற குளிசைக்கோ, விடை கிடைக்கும்வரை ஒவ்வொரு வருகையிலும் அதே கேள்விகளை மீண்டும் கேட்க. கேட்கும் உரிமைக்கு எந்தத் துண்டும் தேவையில்லை.